கலயத்துல சுண்ணாம்பு இருக்கா? மதுரைக் கள்ளின் கதை

இந்த எபிசோடுக்கான ஐடியா பெங்களூர்ல ஒரு டீம் டின்னர்ல வந்தது. மைக்ரோபுரூவரி. ஒரு மரப்பலகையில ஆறு குட்டி கிளாஸ், ஆறு வகை பீர். பரிமாற வந்தவர் ஒவ்வொன்னுக்கும் கதை சொல்றார். இது எந்த ஊர் பார்லி, இதுல எந்த ஹாப்ஸ், இதை எந்த டேங்க்ல எத்தனை நாள் வச்சாங்க, செஞ்சவர் யாரு. அப்போ பக்கத்துல இருந்த டீம்மேட் என்கிட்ட கேட்டார்: "மதுரையோட லோக்கல் டிரிங்க் என்ன?"

நான் யோசிக்காம "ஜிகர்தண்டா"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா ரூமுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி விடவே இல்லை. மதுரையைச் சுத்தி இருக்கிற சமவெளி முழுக்க பனைமரம். கண்மாய்க் கரை, வரப்பு, சுடுகாட்டுப் பாதை, எங்க பார்த்தாலும் பனை. அந்த மரத்துல இருந்து ஒரு பானம் இறங்கியிருக்கு. அதைச் செய்த ஒருத்தர் பேர் கூட எனக்குத் தெரியாது. ஏன் தெரியாமப் போச்சு என்பதுதான் இன்னைக்கு நாம பேசப் போறது.

முதல்ல பழைய கதை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் காலத்து மதுரையை ஒரு பகல், ஒரு இரவு முழுக்கச் சுத்திக் காட்டுகிற பாட்டு. அதுல நகரத்துல பறக்கிற கொடிகளைப் பற்றி ஒரு பகுதி வரும். திருவிழாவுக்கு எடுத்த கொடி, போர்ல ஜெயிச்சதுக்கு எடுத்த கொடி, அதே வரிசையில கள் விற்கிற இடத்துக் கொடியும் உண்டு. அந்தக் காலத்து நியான் போர்டு. ஒளிச்சு மறைச்சு வித்த பொருளுக்கு யாரும் கொடி கட்ட மாட்டாங்க இல்லையா?

இன்னொரு பாட்டு, புறநானூற்றின் 56ஆவது. நக்கீரர் ஒரு பாண்டிய மன்னனை, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமான மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, நீ மகிழ்ச்சியா இருக்கணும்னு வாழ்த்துகிறார். அதாவது இம்போர்ட்டட் ஒயின். இது வெறும் கவிஞர் கற்பனையும் இல்லை. வைகை கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு அழகன்குளம். அங்க நடந்த அகழாய்வில் ஆம்போரா எனப்படும் ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மத்தியதரைக் கடல் பக்கம் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றி அனுப்பிய ஜாடிகள் அவை.

இந்த ரெண்டு பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தெருவுல கள்ளு, அரண்மனையில வெளிநாட்டுச் சரக்கு. இந்த வரிசையை மனசுல வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

சரி, கள் எப்படி உருவாகுது? பங்குனி மாசம் திருமங்கலத்தைத் தாண்டி கள்ளிக்குடிப் பக்கம், பதநீர் இறக்குகிற ஒரு ஐயாவோட ஒரு காலைப் பொழுது இருந்தேன். வயசு அறுபதுக்கு மேல. நான் பெட்லேர்ந்து எழுந்து ஸ்டாண்டப் கால்ல உட்கார்றதுக்கே கஷ்டப்படுறவன். அவர் காலுக்குத் தளைநாரை மாட்டி, இடுப்புல அரிவாள் பெட்டியைக் கட்டி, ஆறு மணிக்குள்ள பத்து மரம் ஏறி இறங்கியிருந்தார். சாயங்காலம் மறுபடியும் அதே மரங்கள்ல ஏறணும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ஞ்சு போகும்.

பாளைன்னா பனையோட பூங்கொத்து. அதைப் பூக்க விடாமக் கட்டி, கட்டையால மெதுவா நசுக்கி, நுனியைத் தினமும் மெல்லிசா சீவி விடுவாங்க. வெட்டின இடத்துல சொட்டுச் சொட்டா சாறு வடியும். கீழே கலயம் கட்டியிருக்கும். அந்தச் சாறுல சுமார் 10 முதல் 15 சதவீதம் வரைக்கும் சர்க்கரை. காத்துல இருக்கிற ஈஸ்ட்டுக்கும், கலயத்துல ஏற்கெனவே ஒட்டியிருக்கிற ஈஸ்ட்டுக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. யாரும் எதுவும் சேர்க்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். சாறு சொட்ட ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்தே புளிக்குது. காலையில இறக்கும்போது நுரை இருக்கும். சில மணி நேரத்துல ஆல்கஹால் 4, 5 சதவீதத்தைத் தொடும், கிட்டத்தட்ட ஒரு சாதாரண பீர் அளவு. மறுநாள் முகம் சுளிக்கிற அளவுக்குப் புளிப்பு. அதுக்கப்புறம் வினிகர்.

இப்போ அதே மரம், அதே பாளை, அதே கலயம். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுங்க. சுண்ணாம்பு காரம். அதுல ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாது. சர்க்கரை சர்க்கரையாவே இருக்கும். இதுதான் பதநீர். இதைக் காய்ச்சினா கருப்பட்டி.

என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, ஒரே கோட்பேஸ், ஒரே சர்வர், ஒரு ஃபிளாக் மட்டும் வேற. ஃபிளாக் ஆன்ல இருந்தா வெயில் காலத்துல ரோட்டோரம் பட்டையில ஊத்திக் குடிக்கிற பதநீர், அரசாங்கமே ஊக்குவிக்கிற ஆரோக்கிய பானம். ஆஃப் ஆனா குற்றம். அந்த ஐயா இதை என்னைவிட அழகாச் சொன்னார்: "தம்பி, சுண்ணாம்பு கூடுனா நாக்கு வெந்துரும். கொறைஞ்சா போலீஸ் வந்துரும்."

அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னாடி நூத்தி நாப்பது வருஷச் சட்ட வரலாறு இருக்கு.

பிரிட்டிஷ் அரசுக்குக் கள் ஒரு தலைவலி, காரணம் ஒழுக்கம் இல்லை. எண்ண முடியலை, அதான். சாராயம்னா ஒரு இடத்துல காய்ச்சணும், அடுப்பு வேணும், பாத்திரம் வேணும். அந்த வாசல்ல ஒரு அதிகாரியை உட்கார வச்சா வரி வசூல் முடிஞ்சது. கள்ளு அப்படி இல்லை. லட்சக்கணக்கான மரம், ஒவ்வொன்னும் ஒரு தனித் தொழிற்சாலை. உற்பத்தி, விற்பனை, குடிக்கிறது எல்லாம் ஒரே நாள்ல ஒரே ஊருக்குள்ள முடிஞ்சுடும். ஒரு டிஸ்டிரிபியூட்டட் சிஸ்டத்தை மானிட்டர் பண்றது எவ்வளவு கொடுமைன்னு நைட் ஷிஃப்ட் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

1886இல் வந்த மதராஸ் அப்காரி சட்டம் இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. கள் இறக்குகிற மரத்துக்கு மரவரி. வரி கட்டின மரத்துக்கு அடையாளக் குறி. கள்ளுக்கடைகளை ஏலத்துல விடுறது. மரத்துக்கு மரம் லைசென்ஸ் போட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. கொஞ்ச காலத்துலயே மாகாண அரசின் மிகப் பெரிய வருமானங்கள்ல ஒன்னா அப்காரி ஆச்சு.

அதனாலதான் சுதந்திரப் போராட்டத்துல கள்ளுக்கடை மறியல் அவ்வளவு முக்கியமாச்சு. கடையை மூடினா குடும்பமும் பிழைக்கும், அரசின் கஜானாவும் அடி வாங்கும். ஒத்துழையாமை இயக்கக் காலத்துல பெரியார், அப்போ அவர் காங்கிரஸ்காரர், தன் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். மதுரையிலும் கள்ளுக்கடை முன்னாடி மறியல் நடந்தது.

இதுல அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் இருக்கு. மரம் ஏறினவங்களே இந்தத் தொழில்ல இருந்து விலக நினைச்சாங்க. 1910இல் தொடங்கி, பிறகு மதுரையைத் தலைமையிடமாக்கிய நாடார் மகாஜன சங்கம், கள் இறக்குவதை விடச் சொல்லித் தன் மக்கள்கிட்டயே பிரச்சாரம் பண்ணுச்சு. ஏன்னா அரசாங்கக் கணக்கெடுப்புல அந்தச் சமூகம் முழுசுக்கும் 'கள் இறக்குபவர்'ங்கிற முத்திரையைக் குத்தியிருந்தாங்க. வியாபாரமும் படிப்பும் வந்த பிறகும் அந்த முத்திரையை வச்சே ஒதுக்கினாங்க. பெங்களூர்ல பீர் செஞ்சவர் பேரைப் பெருமையாச் சொன்னாங்களே, இங்க செஞ்சவங்களுக்குத் தன் பேர் இந்தப் பானத்தோட சேரவே கூடாதுங்கிறதுதான் மரியாதைக்கான போராட்டமா இருந்தது. மைக்ரோபுரூவரியோட ஒப்பிட்டு "ஐயோ நம்ம பாரம்பரியம் போச்சே"ன்னு நாம புலம்புறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

1937இல் ராஜாஜி பிரதமர் ஆனதும் (அப்போ மாகாண முதல்வரை அப்படித்தான் கூப்பிட்டாங்க) அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு ஆரம்பிச்சது. மரம் ஏறுறவங்க பிழைப்புக்கு என்ன? சுண்ணாம்பு தடவுங்க, பதநீர் இறக்குங்க, வெல்லம் காய்ச்சுங்கன்னு சொன்னாங்க. அரசு வருமானத்துக்கு என்ன? இங்கதான் எனக்கு ஆச்சரியம். அந்த ஓட்டையை அடைக்க 1939இல் மதராஸ் மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தது. இந்தியாவில் பல பொருட்களுக்கும் சேர்த்துப் போட்ட முதல் விற்பனை வரி அதுதான். இன்னைக்கு உங்க ஸ்விக்கி பில்லுல இருக்கிற ஜி.எஸ்.டி.க்குக் கள்ளுக்கடை வழியில ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு.

போருக்குப் பிறகு 1946இல் தொடங்கி, 1948 அக்டோபர் 2ஆம் தேதிக்குள்ள மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 23 வருஷம் நீடிச்சது. அந்தக் காலத்துலயும் 'பெர்மிட்' வாங்கினவங்க பிராந்தி, விஸ்கி குடிக்கலாம். கள்ளுக்கு அப்படி ஒரு கௌரவமான கார்டு கிடையாது.

1971 ஆகஸ்ட் 30இல் கலைஞர் கருணாநிதி அரசு நிதி நெருக்கடியைக் காரணம் சொல்லி மதுவிலக்கை ஒத்தி வச்சது. கள்ளுக்கடை, சாராயக்கடை திறந்தாங்க. 1973இல் கள்ளுக்கடை மூடினாங்க, 1974இல் சாராயக்கடை. 1981 ஜனவரியில் எம்.ஜி.ஆர். மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடத்தினார். ஊரெல்லாம் சங்கப் புலவர்கள் பேச்சு. அதே வருஷம் கள்ளுக்கடையும் மறுபடி திறந்தது. மதுரைக்காஞ்சிக்கு நியாயம் செஞ்ச மாதிரிதான்னு நான் ஜோக் அடிப்பேன், எங்க வீட்டுல சிரிக்க மாட்டாங்க. கடைசியா 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அந்தத் தடை இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

ஆனா தடையில சிக்காதது எது? 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுபானம்.' பேரே ஒரு பக். இங்கேயே செய்றது, ஆனா அயல்நாடு. பெரும்பாலும் கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸ்ல இருந்து எடுத்த ஸ்பிரிட்தான் அடிப்படை. ஆனா அது பாட்டில்ல வருது. பார்கோடு ஒட்டலாம், கிடங்குல அடுக்கலாம், ஒரு வாசல்ல வரி வாங்கலாம். 1983இல் மொத்த விற்பனைக்காக உருவான டாஸ்மாக், 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையையும் தன் கையில எடுத்துக்கிச்சு. 2023-24இல் மட்டும் அரசுக்கு அதன் வழியா வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமல்ல இருக்கிற மாநிலத்துல! எண்ண முடிஞ்ச போதை உள்ளே, எண்ண முடியாத போதை வெளியே. பொற்கிண்ணம், தெருக் கொடி, ஞாபகம் இருக்கா?

இதை எல்லாம் ஆர்வமா எழுதிக்கிட்டு இருந்தப்போ எங்க அப்பத்தா எட்டிப் பார்த்தாங்க. என்னடா பேசப் போறன்னு கேட்டாங்க. சொன்னேன். "கள்ளுக்கடையத் தொறக்கச் சொல்லிப் பேசப் போறியாக்கும்?"

அப்புறம் அரை மணி நேரம் அவங்கதான் பேசினாங்க. 80களில் எங்க தெரு முக்குல கள்ளும் சாராயமும் அடுத்தடுத்த கடையில. சனிக்கிழமை கூலி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி தாத்தா அந்த ரெண்டு கடையையும் தாண்டணும். பெரும்பாலும் கூலி தாண்டாது. அப்பா பள்ளிக்கூட ஃபீஸுக்கு அப்பத்தா தோடு அடகுக்குப் போயிருக்கு. 1987ஐ அவங்க நினைவு வச்சிருக்கிறது சட்டமா இல்லை. "ஒரு தை மாசம் கூலி முழுசா வந்துச்சு"ன்னு. கொஞ்ச நாள்ல தாத்தா பிராந்திக்குப் போயிட்டார், அது வேற கதை.

அவங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கள்ளுல கலப்படம் நடந்ததும் உண்மை. தேவைக்கு மரத்துல வர்றது பத்தாதபோது தண்ணியும் சர்க்கரையும் மட்டும் இல்லாம மயக்க மருந்தையும் கலந்திருக்காங்க. கேரளாவுல அந்தப் பிரச்னை இன்னும் இருக்கு.

ஆனா ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60க்கும் மேற்பட்டவங்க இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால. செய்தி வந்தப்போ என் வாட்ஸ்அப் குரூப்ல பாதிப் பேர் 'கள்'ளையும் 'கள்ளச்சாராய'த்தையும் ஒன்னுன்னு நினைச்சாங்க. கள்ளச்சாராயத்துல இருக்கிற 'கள்ள', கள்ளநோட்டுல இருக்கிற 'கள்ள'. திருட்டுத்தனமானதுன்னு அர்த்தம். பனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. டாஸ்மாக் விலை கட்டாத கூலிக்காரருக்கு மலிவா எது கிடைக்குதுங்கிற கேள்வி மட்டும் அங்கேயே நிக்குது.

இப்போ மேற்கே போவோம். தேனி மாவட்டம் 1996 வரைக்கும் மதுரை மாவட்டம்தான். கம்பம் பள்ளத்தாக்குல விளையுற பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க்னு கூப்பிடும். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்க கொண்டுவந்ததா அதன் வரலாற்றுக் குறிப்பு சொல்லுது. முல்லைப் பெரியாறு தண்ணி, மலைக் காத்து, வருஷம் முழுக்க அறுவடை. ஒயினுக்கும் ஏற்ற பழம்னு அந்தக் குறியீட்டுக் குறிப்புகளிலேயே இருக்கு. ஆனா உங்களுக்கும் எனக்கும் அது மாட்டுத்தாவணில தள்ளுவண்டிப் பழமாத்தான் தெரியும். நாசிக்னு சொன்னா ஒயின் டூர் ஞாபகம் வருது, கம்பம்னு சொன்னா கிலோ என்ன விலைன்னு கேட்கத் தோணுது.

அதே கம்பத்துல இருந்து பஸ் ஏறினா, ஒரு மணி நேரத்துக்குள்ள மலை மேல குமுளி. எல்லையைத் தாண்டினா கேரளா. அங்க 'கள்ளு ஷாப்' போர்டு வெளிப்படையாவே தொங்கும், கப்பையும் மீன் கறியும் கூட. மரம் மாறலை, ஈஸ்ட் மாறலை. ஒரு செக்போஸ்ட்தான் நடுவுல.

வெளியுலகத்துல இதுக்கு ரொம்ப நெருக்கமான சொந்தக்காரன் மெக்சிகோவின் புல்கே. கத்தாழை மாதிரி ஒரு செடியோட சாறு தானா புளிச்சு வர்ற பானம். அதுவும் ஒன்னு ரெண்டு நாள்ல கெட்டுப் போகும், பாட்டில்ல அடைக்கிறது கஷ்டம். நூறு வருஷத்துக்கு முன்னாடி மெக்சிகோ சிட்டியில நூத்துக்கணக்கான புல்கே கடைகள் இருந்தன. பீர் கம்பெனிகள் வளர்ந்தப்போ, புல்கே அழுக்கு, அதைப் புளிக்க வைக்கச் சாணி போடுறாங்கன்னு வதந்தி பரவுச்சு. பானம் கிட்டத்தட்ட அழிஞ்சது. இந்த நூற்றாண்டுல அந்த ஊர் இளைஞர்கள்தான் திரும்ப அந்தக் கடைகளுக்குப் போக ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கத்துல கோவா, 2009இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு வாங்குச்சு. ஆனா ஃபெனி வடிச்ச சரக்கு, பாட்டில்ல வருஷக்கணக்கா நிக்கும். கள்ளுக்கு அந்தப் பாதை எளிது இல்லை. அதைக் குடிக்கணும்னா நீங்க மரத்துக்கிட்ட போகணும், அன்னைக்கே போகணும்.

மரமாவது பிழைக்குமா? 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிச்சாங்க. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும் சொன்னாங்க. நல்லது. ஆனா விதை போட்டா பனை பாளை விட பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். அப்போ யார் ஏறுவா? கள்ளிக்குடி ஐயாவோட பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். "அவன ஏறவே விடல தம்பி. விழுந்தா யாரு பாக்குறது?"ன்னார். பதநீர் சீசன் சில மாசம்தான். மிச்ச மாசம் நூறு நாள் வேலை. கள்ளு அனுமதிச்சா பையன் வருவானான்னு கேட்டேன். ரொம்ப நேரம் அரிவாளைத் தீட்டிக்கிட்டே இருந்தார். "போலீஸ்காரன் கலயத்துக்குள்ள விரல விட்டு நக்கிப் பாக்காம இருந்தாப் போதும்"னு மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது ரெண்டு லிட்டர் கேன்ல பதநீர் ஊத்திக் கொடுத்தார். காசு வாங்கினார், ஆனா அளவுக்கு மேல ஊத்தினார். வெயில் ஏறுறதுக்குள்ள பைக்கை முறுக்கி வீடு வந்து சேர்ந்து, டம்ளர்ல ஊத்தி முதல்ல அப்பத்தாகிட்ட நீட்டினேன். ஒரு மடக்கு குடிச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டு நாக்குல உருட்டிப் பார்த்தாங்க.

"சுண்ணாம்பு பத்தலடா"ன்னாங்க. டம்ளரைத் திருப்பித் தரலை.